மண்ணிலிருந்து டி.என்.ஏ. எடுக்கும் கிட்: டர்பனில் எட்டு மாத அனுபவம்

மூன்று பெட்டி தீர்ந்து, நாலாவது பெட்டியைப் பிரித்திருக்கிறேன். பெட்டிக்கு 50 ட்யூப். ஆக, 150 தடவைக்கு மேல் இந்தக் கிட்டில் மண்ணைப் போட்டு டி.என்.ஏ. எடுத்தாகிவிட்டது. "அக்கா, ஆய்வு வழிகாட்டி இந்தக் கிட்டை வாங்கச் சொல்கிறார், விலையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, வாங்கலாமா?" என்று ஊரிலிருந்து ஆராய்ச்சி மாணவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போடுவதைவிட, பட்டதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கம்பெனி பெயரை எழுதவில்லை. சின்ன மணிகளோடு சேர்த்துக் குலுக்கி, ஒரு குட்டி வடிகட்டியில் டி.என்.ஏ.வைப் பிடிக்கும் கிட்கள் எல்லாவற்றிலும் உள்ளே நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். நான் சொல்லும் நிறையும் குறையும் அந்த வகை முழுவதற்கும் பொருந்தும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மண்ணில் எந்தெந்த நுண்ணுயிரிகள் குடியிருக்கின்றன, அவற்றிடம் என்னென்ன மரபணுக்கள் இருக்கின்றன என்று படித்துப் பார்க்க வேண்டுமா, தயங்காமல் வாங்குங்கள். அந்த நுண்ணுயிரிகளின் நொதி வேலை செய்வதை, நுண்ணுயிரி வளர்க்கும் தட்டில் கண்ணால் பார்க்க வேண்டுமா, இதை நம்பி இறங்காதீர்கள். இரண்டுக்கும் ஒரே டி.என்.ஏ. போதும் என்று நினைத்துத்தான் நான் நாலு மாதத்தைத் தொலைத்தேன்.

நான் தஞ்சாவூர்க்காரி. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் இது மூன்றாவது வருடம். குடியிருப்பது சாட்ஸ்வொர்த்தில், ஒரு தமிழ்க் குடும்பத்து வீட்டின் பின்பக்க அறையில். வீட்டு ஆன்ட்டிக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர் முன்னோர்கள் வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். 1860 நவம்பர் 16-ஆம் தேதி 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து முதல் கூட்டத்தை டர்பனில் கொண்டுவந்து இறக்கியது. 1911 வரை அப்படி வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். டொங்காட் பக்கம் ஒரு சர்க்கரை ஆலைக்குப் பின்னால் மட்கிக் கிடக்கும் கரும்புச் சக்கைக் குவியலிலிருந்து மண் எடுத்து வருகிறேன் என்று நான் சொன்னதும் ஆன்ட்டி, "எங்க தாத்தா அந்தச் சக்கையத்தான் மா பாய்லருக்குத் தள்ளுவாரு" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும், "சக்கை என்ன சொல்லுது?" என்று கேட்பார். எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடிக்கும்.

ஏன் சக்கைக் குவியல்? அது வருடக்கணக்காக ஒரே சாப்பாட்டைப் பரிமாறும் பந்தி. செல்லுலோஸ், சைலன், லிக்னின், இந்த மூன்றையும் செரிக்கத் தெரிந்தவர்கள்தான் அங்கே நிலைக்க முடியும். நான் தேடுவது எஸ்டரேஸ் என்ற நொதி வகை. கரும்புச் சக்கையில் சைலனையும் லிக்னினையும் ஃபெருலிக் அமிலம் என்ற சின்ன மூலக்கூறு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. அந்த முடிச்சை அவிழ்க்கும் நொதி நன்றாகக் கிடைத்தால், சக்கையை எரித்துத் தீர்ப்பதோடு நிற்காமல் சர்க்கரையாகவும் எரிசாராயமாகவும் மாற்றும் வழி சுலபமாகும்.

பழைய வழி என்றால் மண்ணைக் கரைத்து, தட்டில் ஊற்றி, முளைப்பதை எடுத்து வளர்க்க வேண்டும். ஆனால் மைக்ரோஸ்கோப்பில் எண்ணினால் ஒரு கணக்கு வரும், தட்டில் முளைத்ததை எண்ணினால் வேறு கணக்கு வரும். ஸ்டேலி, கொனாப்கா என்ற இருவர் 1985-இல் இந்த முரண்பாட்டுக்கு ஒரு பெயரே வைத்தார்கள். மண்ணில் இருப்பதில் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றுகூட வழக்கமான தட்டில் முளைப்பதில்லை. 1990-இல் நார்வேயில் விக்டிஸ் டோர்ஸ்விக் குழு காட்டு மண்ணின் டி.என்.ஏ.வை அளந்தபோது, ஏறத்தாழ 4,000 வெவ்வேறு பாக்டீரியா மரபணுத் தொகுதிகளுக்குச் சமமான பன்மை அதில் இருந்தது. நாம் வளர்த்துப் பார்த்தது அதில் ஒரு கைப்பிடிகூட இல்லை. சரி, வளராதவர்களை விட்டுவிடுவதா? வளர்க்கவே வேண்டாம், மண்ணில் இருக்கும் மொத்த டி.என்.ஏ.வையும் ஒரே தொகுதியாக நினைத்து நேராக எடுத்துக்கொள்வோம் என்பதுதான் மெட்டாஜீனோமிக்ஸ். 'மெட்டாஜீனோம்' என்ற சொல்லை 1998-இல் அமெரிக்காவில் ஜோ ஹாண்டல்ஸ்மன் குழு கொண்டுவந்தது. தென்னாப்பிரிக்காவும் இதில் பின்தங்கவில்லை. கேப் டவுன் பக்கம் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது, நமீப் பாலைவன மண்ணையும் அன்டார்க்டிகா மண்ணையும் இந்த நாட்டு ஆய்வகங்கள் வருடக்கணக்காகத் துருவிப் பார்க்கின்றன.

இப்படிப்பட்ட வேலையில் முதல் படி மண்ணிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது. அது கோணினால் மேலே கட்டுவதெல்லாம் கோணும். அதனால்தான் ஒரு கிட்டைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கிட்டின் நிறைகளிலிருந்து தொடங்குகிறேன். எடுக்க வேண்டிய மண் 250 மில்லிகிராம், ஒரு சிட்டிகை. மணிகள் போட்ட ட்யூபில் மண்ணையும் சோப்பு மாதிரியான கரைசலையும் சேர்த்து, பத்து நிமிடம் அதிரவிட வேண்டும். செல்கள் உடைந்து டி.என்.ஏ. வெளியே வரும். அடுத்து வரும் கரைசலில்தான் கிட்டின் உண்மையான கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. இந்த வகைக் கிட்டுக்கான காப்புரிமையில் அலுமினிய உப்பைக் குறிப்பிடுகிறார்கள். கலங்கல் தண்ணீரில் படிகாரம் போட்டால் அழுக்கு அடியில் படிகிறதே, அதே மாதிரி அது மண்ணின் கறுப்பை அடியில் இறக்கிவிடும், டி.என்.ஏ. மேலே தெளிவில் நிற்கும். அப்புறம் உப்புக் கரைசலில் சிலிக்கா வடிகட்டியில் ஒட்டவைத்து, எத்தனாலில் கழுவி, 100 மைக்ரோலிட்டரில் இறக்கிக்கொள்ளலாம். காலையில் காபி குடித்துவிட்டு ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்குள் பன்னிரண்டு சாம்பிள் முடியும்.

அந்தக் கறுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மண் வேலையில் புதிதாக வருபவர்களை அழவைப்பது அதுதான். மட்கிய தழையிலிருந்து வரும் ஹ்யூமிக் அமிலம் டி.என்.ஏ. மாதிரியே எதிர்மின்னூட்டம் கொண்டது. டி.என்.ஏ. போகும் இடத்துக்கெல்லாம் கூடவே போகும். டி.என்.ஏ.வைப் பல மடங்கு நகலெடுக்கும் முறைதான் பி.சி.ஆர்.; அந்த நகலை எடுக்கும் பாலிமரேஸ் நொதியை இது முடக்கிவிடும். கிட் வருவதற்கு முன் நான் கையால் எடுத்த முதல் டி.என்.ஏ., பால் விடாத டீ நிறத்தில் இருந்தது. தூய்மையைப் பார்க்க, 260, 230 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளப்போம்; அந்த 260-க்கு 230 விகிதம் 2-க்குப் பக்கத்தில் வர வேண்டும், எனக்கு வந்தது 0.7. ஏழு தடவை பி.சி.ஆர். போட்டேன், டி.என்.ஏ.வை நீளவாரியாகப் பிரித்துப் பட்டையாகக் காட்டும் ஜெல் ஏழு தடவையும் வெறுமையாக இருந்தது. அதே சக்கை மண்ணைக் கிட்டில் போட்டபோது வெளியே வந்தது கண்ணாடி மாதிரித் தெளிவான நீர். விகிதம் 1.9. முதல் பி.சி.ஆரிலேயே பட்டை பளிச்சென்று விழுந்தது. அந்த ஜெல் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன். ஆன்ட்டி வீட்டுத் தோட்டத்தில், கறிவேப்பிலை மரத்தடியில் எடுத்த, 'பெரியா' (Berea) என்று டர்பனில் சொல்லும் சிவப்பு மணலுக்கும் கிட் நன்றாகவே வேலை செய்தது. அதில் ஹ்யூமிக் குறைவு, அதனால் அது சோதனையே இல்லை. சக்கை மண்தான் சோதனை.

உலகம் முழுவதும் ஒரே மாதிரியான கிட் பயன்படுத்துவதில் இன்னொரு நன்மை உண்டு. என் டொங்காட் மண்ணின் கணக்கை பிரேசில் மண்ணின் கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. எடுக்கும் முறை மாறினால் கிடைக்கும் உயிரினப் பட்டியலும் மாறும் என்பது இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த தலைவலி.

ஜூலையில் ஒரு தவறு நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். டர்பன் குளிர் பெரிய குளிர் இல்லை, ஆனால் ராத்திரி 11, 12 டிகிரி வரை இறங்கும். காலையில் வந்து பார்த்தால் முதல் கரைசலின் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. நான் கவனிக்காமல் மேலே இருந்ததை மட்டும் பிப்பெட்டில் எடுத்துப் போட்டுவிட்டேன். அன்றைக்கு எல்லா சாம்பிளிலும் டி.என்.ஏ. மிகக் குறைவு. படிந்திருந்தது எஸ்.டி.எஸ்., செல்லை உடைக்கும் சோப்பே அதுதான். 60 டிகிரி தண்ணீரில் பாட்டிலை வைத்தால் கரைந்துவிடும். கையேட்டில் இது இருக்கிறது, சின்ன எழுத்தில். பெரிய எழுத்தில் பாட்டில் மேலேயே ஒட்டியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

மண் போடாத வெற்று ட்யூப் ஒன்றை ஒவ்வொரு தடவையும் கூடவே ஓட்டுங்கள். கிட்களிலேயே பாக்டீரியா டி.என்.ஏ. கொஞ்சம் கலந்திருக்கும், சாம்பிளில் உயிர்கள் குறைவாக இருந்தால் அந்தக் கலப்படமே முடிவாகிவிடும் என்று 2014-இல் சூசன்னா சால்டர் குழு தெளிவாகக் காட்டியது. சக்கை மண்ணில் உயிர்கள் கோடிக்கணக்கில் இருப்பதால் எனக்குப் பிரச்சினை இல்லை. பாலைவன மணலில் வேலை செய்பவர்கள் இதை விட்டுவிடவே கூடாது.

இனி குறை. நொதி தேடுபவர்கள் இந்த இடத்தைப் பொறுமையாகப் படியுங்கள்.

மெட்டாஜீனோமில் நொதியைத் தேட இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, டி.என்.ஏ.வை வரிசைப்படுத்தி, ஏற்கெனவே தெரிந்த நொதிகளின் சாயல் உள்ள மரபணுவைக் கணினியில் தேடுவது. அதற்குக் கிட் போதும், தாராளமாகப் போதும். ஆனால் தெரிந்த முகத்தின் சாயல் இருந்தால்தான் கணினிக்கு அடையாளம் தெரியும். யாரும் பார்த்தே இராத நொதி கண்ணில் படாமல் போய்விடும். இரண்டாவது வழி, மண் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக ஈ. கோலை என்ற பாக்டீரியாவுக்குள் நுழைத்து, ஆயிரக்கணக்கான பாக்டீரியாக் கூட்டங்களாக வளர்த்து (இந்தத் தொகுப்பைத்தான் நூலகம் என்போம்), எது வேலை செய்கிறது என்று தட்டில் பார்ப்பது. எனக்கு வேண்டியது இந்த இரண்டாவது வழி.

இதற்கு ஃபாஸ்மிட் என்ற டி.என்.ஏ. வாகனத்தில் சுமார் 40,000 எழுத்து (டி.என்.ஏ.வின் A, T, G, C) நீளமுள்ள துண்டை ஏற்ற வேண்டும். வாகனத்தின் நீளம் ஏறத்தாழ 8,000. இரண்டையும் சேர்த்து, பாக்டீரியாவைத் தாக்கும் லாம்டா வைரஸின் கூட்டுக்குள் அடைத்துத்தான் ஈ. கோலைக்குள் அனுப்புகிறோம். லாம்டாவின் சொந்த டி.என்.ஏ. 48,502 எழுத்து. அந்த நீளத்தை ஒட்டி இருந்தால்தான் கூடு அடையும், துண்டு குட்டையாக இருந்தால் அடையாது.

கிட்டில் மணிகள் பத்து நிமிடம் டி.என்.ஏ.வை அடித்திருக்கின்றன. ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் 20,000 எழுத்துக்குக் கீழேதான் பெரும்பகுதி இறங்கிக் கிடக்கிறது. தூய்மையைப் பார்த்து மயங்கி நான் நீளத்தைப் பார்க்கவில்லை. அந்த டி.என்.ஏ.வை வைத்து நாலு மாதம் நாலு தடவை முயன்றேன். மைனஸ் 70 டிகிரியில் வைத்துக் காக்க வேண்டிய, தங்கம் விலை விற்கும் அடைப்புக் கரைசலை வீணாக்கினேன். தட்டில் முளைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. கிட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. விற்ற ஏஜென்டிடம் "நூலகம் கட்ட இது ஆகுமா" என்று வாங்கும்போதே கேட்டேன், "எல்லாவற்றுக்கும் ஆகும்" என்றார். அந்த ஒரு பதிலின் மேல் எனக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது.

அப்புறம்தான் பழைய கைமுறைக்குத் திரும்பினேன். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டீஜி குழு 1996-இல் வெளியிட்டது அது. 5 கிராம் மண். சி.டி.ஏ.பி. என்ற இன்னொரு சோப்பு கலந்த உப்புக் கரைசல். புரதத்தைச் செரிக்கும் புரோட்டினேஸ் நொதி சேர்த்து 37 டிகிரியில் அரை மணி நேரம். எஸ்.டி.எஸ். சேர்த்து 65 டிகிரித் தண்ணீர்த்தொட்டியில் இரண்டு மணி நேரம், கால் மணிக்கு ஒரு தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், அவ்வளவுதான். மணிகளும் குலுக்கலும் இல்லை. குழந்தைக்குத் தலைக்கு எண்ணெய் வைப்பது போலக் கை மென்மையாக இருக்க வேண்டும். பிப்பெட் முனையைக்கூடக் கத்தியால் வெட்டி அகலமாக்கிக்கொள்வேன், குறுகிய துவாரத்தில் இழுத்தாலும் நீள டி.என்.ஏ. அறுந்துபோகும்.

டீ நிறம் திரும்ப வந்தது. அதை அகற்ற ஜெல்லில் ஓட்டி, ஹ்யூமிக் முன்னால் ஓடியபின் நீள டி.என்.ஏ. இருக்கும் பட்டையை மட்டும் வெட்டி எடுத்தேன். நீளத்தைப் பிரிக்கும் அந்த ஜெல் ராத்திரி முழுக்க ஓட வேண்டும். முதல் ராத்திரி இரண்டு மணிக்குக் கரன்ட் போய்விட்டது, பட்டை கரைந்து பரவிவிட்டது. என்னோடு வேலை செய்யும் ஸூலு தம்பி மறுநாள் வீட்டிலிருந்து பேட்டரியும் இன்வெர்ட்டரும் தூக்கிக்கொண்டு வந்து பொருத்தினான். இரண்டாவது ராத்திரி நாங்கள் இருவரும் மாறி மாறி ஆய்வகத்திலேயே காவல் இருந்தோம். காலையில், 40,000-க்கு மேலே தடித்த ஒரு பட்டை நின்றது.

அந்த டி.என்.ஏ.வில் கிடைத்த கூட்டங்கள் ஏறத்தாழ 14,000. ஒவ்வொன்றிலும் 40,000 எழுத்து என்றால் மொத்தம் 56 கோடி எழுத்து, ஈ. கோலையின் முழுத் தொகுதியைப் போல 120 மடங்கு. தட்டில் ட்ரைபியூட்டிரின் என்ற கொழுப்பைக் கலக்கி வைப்போம், மோர் மாதிரி வெளுத்திருக்கும். எஸ்டரேஸ் சுரக்கும் கூட்டத்தைச் சுற்றிக் கொழுப்பு உடைந்து, அந்த இடம் மட்டும் தெளிந்துவிடும். பழைய வெண்ணெய் வாடையும் லேசாக வரும்.

முதல் தெளிவு வட்டத்தைப் பார்த்த அன்று அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். "நிலாவுக்குக் கோட்டை கட்டினமாதிரி இருக்கே" என்றாள். சரியாக அப்படித்தான் இருந்தது. 14,000-இல் மூன்றுக்குக் கோட்டை கட்டியிருந்தது. மூன்றுதானா என்று கேட்பவர்களுக்கு: மண்ணின் மரபணு எல்லாமே ஈ. கோலைக்குள் பேசிவிடுவதில்லை. 2004-இல் 32 மரபணுத் தொகுதிகளைக் கணினியில் அலசிப் பார்த்து, ஏறத்தாழ 40 சதவீதத்தைத்தான் ஈ. கோலை வழியாகச் சுலபமாக மீட்க முடியும் என்று எஸ்தர் காபோர் குழு மதிப்பிட்டது. பல வேலைகளில் ஆயிரக்கணக்கில் ஒன்று கிடைப்பதே வழக்கம்.

இதே பால் தட்டில் பிடிபட்ட ஒரு நொதியின் கதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஜப்பானில் இலை தழை மட்கிய உரத்திலிருந்து டி.என்.ஏ. எடுத்து, ஃபாஸ்மிட் நூலகம் கட்டி, ட்ரைபியூட்டிரின் தட்டில் பார்த்து, ஒரு குழு 2012-இல் ஒரு கியூட்டினேஸை வெளியிட்டது. இலையின் மெழுகுத் தோலைச் செரிக்கும் நொதி வகை அது. தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கையும் அது உடைத்தது. 2020-இல் பிரான்சில் கார்பியோஸ் கம்பெனியும் துலூஸ் ஆராய்ச்சியாளர்களும் அதில் சில இடங்களை மாற்றியமைத்து, 72 டிகிரியில் 10 மணி நேரத்தில் பெட்டை 90 சதவீதம் உடைத்துக் காட்டினார்கள். மட்கிய குப்பையில் பேர் தெரியாத ஓர் உயிர் வைத்திருந்த நொதி அது. அந்த உயிரை இதுவரை யாரும் தட்டில் வளர்க்கவில்லை, மரபணு மட்டும்தான் கையில் இருக்கிறது.

பிளாஸ்டிக் என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்தக் கிட்டில் ஒரு சாம்பிளுக்கு ஐந்தாறு ட்யூப் குப்பைக்குப் போகிறது. அவை பாலிப்ரொப்பிலீன், பெட்டை உடைக்கும் நொதி அவற்றைத் தொடாது. 150 சாம்பிளுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டபோது மனசு கனத்தது. இடைநிலை ட்யூப்களைக் குறைக்கக் கம்பெனிகள் வழி பார்க்க வேண்டும்.

விலை: எனக்கு ஒரு சாம்பிளுக்கு ஏறத்தாழ 200 ரேண்ட் விழுந்தது, கப்பல் கூலியும் ஏஜென்ட் கமிஷனும் சேர்த்து. கைமுறைக்கு ரசாயனச் செலவு அதில் சிறு பங்குதான், ஆனால் குளோரோஃபார்ம் கையாள நல்ல காற்றோட்டக் கூண்டு வேண்டும், இரண்டு நாள் உழைப்பும் வேண்டும். கிட் ஆர்டர் கொடுத்து வந்து சேர ஆறு வாரம் ஆனது. தீர்வதற்கு முன்பே அடுத்ததைச் சொல்லி வையுங்கள். இங்கே இருப்பவர்களுக்கு ஒன்று: இந்த நாட்டு மண்ணில் நொதி தேடுவதற்கு 2004-ஆம் வருடத்துப் பல்லுயிர்ச் சட்டத்தில் விதிகள் இருக்கின்றன. மண் எடுக்கக் கிளம்பும் முன்பே உங்கள் பல்கலைக்கழக அலுவலகத்தில் அனுமதி விவரத்தை விசாரித்துவிடுங்கள்.

மதிப்பெண் கேட்டால், படித்துப் பார்க்கும் வேலைக்கு ஐந்துக்கு நாலரை. ஃபாஸ்மிட் நூலகம் கட்டும் வேலைக்கு ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும், எந்த மண்ணில் நூலகம் கட்டலாம் என்று முன்கூட்டியே பார்த்துத் தேர்ந்தெடுக்க உதவுவதற்காக. இப்போது நான் செய்வது அதைத்தான்: பத்துப் பன்னிரண்டு இடத்து மண்ணைக் கிட்டில் எடுத்து, யார் இருக்கிறார்கள் என்று பார்த்து, அதில் ஒன்றை மட்டும் கையால் எடுக்கிறேன்.

மூன்று கோட்டைகளில் ஒன்றின் மரபணு வரிசை போன வாரம் வந்தது. ஆன்ட்டியிடம் சொன்னேன். "அப்போ சக்கை பேசிடுச்சு" என்றார். வரும் சனிக்கிழமை குவியலின் அடிப்பக்கத்தில், சூடு ஏறியிருக்கும் ஆழத்தில் மறுபடி மண் எடுக்கப் போகிறோம். 250 மில்லிகிராம் கிட்டுக்கு, 5 கிராம் தண்ணீர்த்தொட்டிக்கு. ஸூலு தம்பி பேட்டரியை சார்ஜில் போட்டுவிட்டான்.